விரிப்பில் விழுந்த கறை: விரைய வேண்டிய நேரமும் பொறுக்க வேண்டிய நேரமும்

விருந்தினர் வந்தால் முதலில் விரிக்கப்படுவதும், அவர்கள் விடைபெற்றபின் இறுதியில் சுருட்டி வைக்கப்படுவதும் நம் இல்லங்களில் ஜமக்காளமும் கம்பளமுமே ஆகும். திருமணப் பேச்சு நடப்பது அதன்மீது. பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது அதன்மீது. நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைப்பதும், பெருநாளன்று சஹனைச் சுற்றி உறவினர் அமர்வதும் அதன்மீதே. இத்தனைக்கும் இடமளிக்கும் ஒரு பொருளில் கறையே படக்கூடாது என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். கறை படும். படும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். குழம்புக் கிண்ணம் கவிழ்கிறது. கவிழ்த்த பிள்ளைக்கு முதலில் ஓர் அடி விழுகிறது. விருந்தினர் எழுந்து செல்லும்வரை கறை அப்படியே கிடக்கிறது. பின்னர், கையில் கிடைத்த சோப்பு, கொதிநீர், பிளீச்சிங் பவுடர் அனைத்தையும் அதன்மீது கொட்டி, பிரஷ் கொண்டு தேய்தேய் என்று தேய்க்கிறோம். கறை போவதில்லை, விரிப்பு போய்விடுகிறது. விரைய வேண்டிய நேரத்தில் தாமதித்து, பொறுக்க வேண்டிய நேரத்தில் விரைவதே இதற்குக் காரணம். ஒற்றி எடுப்பதில் விரைவு வேண்டும். மருந்து தெரிவு செய்வதில் நிதானம் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் பெரும்பாலான கறைகளை வீட்டிலுள்ள எளிய பொருட்களைக் கொண்டே நீக்கலாம்.

விரிப்பின் இயல்பை அறிக

கறையை அறியுமுன் விரிப்பை அறிய வேண்டும். பருத்திக்கு ஏற்றது கம்பளிக்கு ஏலாது; கம்பளி தாங்குவதைச் செயற்கை இழை தாங்காது.

தமிழகத்தில் நாம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் விரிப்பு பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் அமைந்த அவ்வூரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயரின் ஆலைத் துணிகளோடு போட்டியிட இயலாத நெசவாளர்கள் வண்ணவண்ணத் தடித்த பருத்தி நூலைக் கொண்டு இவ்விரிப்பை நெய்யத் தொடங்கினர். ஜங்கமர் எனப்பட்ட நெசவாளர் சமூகத்தார் இதில் முன்னின்றனர். கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருட்களுக்கான 1985ஆம் ஆண்டின் சட்டம் ஜமக்காளத்தையும் தன் பாதுகாப்பில் கொண்டுள்ளது. 2005-06இல் புவிசார் குறியீடும் இதற்குக் கிடைத்தது. பருத்தியாதலால் இது நீரை நன்கு உறிஞ்சும், துவைக்கவும் இடங்கொடுக்கும். ஆனால் அடர்ந்த சிவப்பு, கறுப்பு, பச்சைப் பட்டைகளில் சாயம் கசிந்து அடுத்த பட்டைக்குப் பரவும் அபாயம் உண்டு. பட்டுப்போன்ற மெல்லிழை கொண்டு ஓரச் சித்திரங்கள் நெய்த ஜமக்காளத்தை இன்னும் மென்மையாகக் கையாள வேண்டும்.

அடுத்தது கம்பளி. காஷ்மீரிலும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்ஸாபூர் வட்டாரத்திலும் முடிச்சிட்டு நெய்யப்படும் கம்பளங்கள் பெரும்பாலும் இவ்வகையே. ஆட்டு உரோமம் நம் தலைமுடியைப் போன்ற புரதப் பொருள். தலைக்குச் சலவைச் சோடா தேய்க்க நாம் துணிவோமா? கம்பளிக்கும் அது ஆகாது. மிதமான புளிப்பை அது தாங்கும், காரத்தைத் தாங்காது.

மூன்றாவது, வளைகுடா நாடுகளிலிருந்து நம் உறவினர் சுமந்து வரும் இயந்திர நெசவுக் கம்பளங்கள். இவற்றுள் பல பாலிபுரொப்பிலீன் என்னும் செயற்கை இழையால் ஆனவை. இவ்விழை நீரை உறிஞ்சாது. ஆகவே தேநீர், காப்பிக் கறைகள் எளிதில் நீங்கும். எண்ணெயை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும்.

எவ்வகை என்று தெரியாவிடில், ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, பீங்கான் தட்டின்மீது வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. காகிதம் எரியும் மணம் வந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

இன்னொரு சோதனையும் தவறாமல் வேண்டும். எந்தத் திரவத்தைப் பயன்படுத்துவதாயினும், விரிப்பின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் விரிப்பின் சாயம் ஏறினால் அத்திரவத்தைக் கைவிடுங்கள்.

முதல் கால்மணி நேரம்

சிந்தியது இன்னும் ஈரமாக இருக்கும்போது நாம் செய்யும் பணியே பாதிக்குமேல் பயன் தரும். கெட்டியாக விழுந்ததைக் கரண்டியின் விளிம்பால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தால் உள்ளங்கையளவு கறை தாம்பாளமளவு ஆகிவிடும். பின்னர், பழைய வெள்ளைப் பருத்தித் துணியை மடித்துக் கறையின்மீது வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றுங்கள். துணி நனைந்தால் உலர்ந்த பக்கத்தைத் திருப்பி மீண்டும் ஒற்றுங்கள். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும்வரை இதைத் தொடருங்கள். வண்ணத் துணி கூடாது. அதன் சாயம் விரிப்புக்கு ஏறக்கூடும்.

தேய்க்கவே வேண்டாம். தேய்ப்பதால் கறை இழைகளுக்குள் ஆழ்ந்து இறங்குகிறது. இழைகளும் பிசிறு கிளம்பி, ஒளிபடும்போது அவ்விடம் மட்டும் மங்கித் தெரிகிறது. கறை போனபின்னும் கறைபோலத் தோன்றும் இடங்கள் பல இப்படி உண்டானவையே.

ஒற்றியபின் சிறிது குளிர்ந்த நீரைத் தெளித்து மீண்டும் ஒற்ற வேண்டும். குடம் குடமாக ஊற்றக்கூடாது. பல கம்பளங்களின் அடிப்புறம் சணலால் ஆனது. சணல் மிகுதியாக நனைந்து மெல்ல உலரும்போது அதிலுள்ள பழுப்பு நிறம் நீரோடு மேலேறி, முன்பில்லாத ஒரு புதுக்கறையை மேற்புறத்தில் உண்டாக்கிவிடும்.

கறையின் குலம் அறிந்து மருந்து

ஒற்றி முடித்தபின் அவசரம் தீர்ந்தது. இனி நிதானம். சிந்தியது எது என்பதை அறிந்தே அடுத்த அடி வைக்க வேண்டும்.

செடிகொடிகளின் துவர்ப்புக் கறை: தேநீர், காப்பி, மாதுளை, வெற்றிலைச் சாறு, வாழைக்கறை ஆகியவை இவ்வகை. துவர்ப்புப் பொருளுக்குக் கட்டிச் சோப்பு ஆகாது. சோப்பின் காரம் இக்கறையை நிலைப்படுத்திவிடும். வெற்றிலை சிவப்பதே பாக்கின் துவர்ப்பு சுண்ணாம்பின் காரத்தோடு சேர்வதால்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். எனவே இதற்குப் புளிப்பே மருந்து. ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு நீர் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி, பின் வெறும் நீரால் ஒற்றி எடுங்கள். தேநீரில் பால் கலந்திருந்தால் ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி நிறமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, அதனால் முதலில் ஒற்றிவிட்டு, வினிகரை அடுத்துப் பயன்படுத்துங்கள். வாழைக்கறை காற்றுப்பட்டு நேரமாக ஆகக் கறுத்து வலுக்கும். உலர விட்டுவிட்டால் அதைப் போக்குவது மிகக் கடினம்.

மஞ்சள்: ஜமக்காளம் தந்த அதே ஈரோடு மாவட்டம்தான், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளையும் தருகிறது. விரிப்புக்கு இதைவிடப் பிடிவாதமான பகை சமையலறையில் வேறில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை யாவரும் அறிவோம். சோப்புப் போட்டவுடன் கறை சிவந்தால் திகைக்க வேண்டாம். வினிகர் கலந்த நீரால் ஒற்றினால் மீண்டும் மஞ்சளாகும். பாத்திரத் திரவம் கலந்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் எடுத்து, பின்னர் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள். எஞ்சியதை வெயிலிடம் விட்டுவிடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது. இரண்டு மூன்று நாள் வெயிலில் அது தானே வெளிறும்.

இரத்தம், பால், முட்டை, இறைச்சிச் சாறு: இவை புரதக் கறைகள். முட்டை வெந்நீரில் இறுகுவது போலவே இவையும் சூடு பட்டால் இழையோடு இறுகிவிடும். ஆகவே குளிர்ந்த நீர் மட்டுமே. குளிர்ந்த நீரால் பலமுறை ஒற்றியபின், பாத்திரத் திரவம் கலந்த குளிர்நீரால் முடியுங்கள்.

எண்ணெய், நெய், பிரியாணி: நீர் ஊற்றுமுன் முகப்பவுடரையோ, மக்காச்சோள மாவையோ, முல்தானி மண்ணையோ தடிமனாகத் தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். கம்பளித் துணிகளின் பிசுக்கைப் போக்க உலகெங்கும் பண்டைக்காலம் முதல் பயன்பட்டது இத்தகைய களிமண்ணே. எண்ணெயை மாவு உறிஞ்சியபின் அதைப் பெருக்கி எடுத்துவிட்டுப் பாத்திரத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரால் ஒற்றுங்கள்.

மெழுகு, மிட்டாய்க் கோந்து, பலாப்பால்: மெழுகின்மீதும் கோந்தின்மீதும் பிளாஸ்டிக் பையிலிட்ட பனிக்கட்டியை வைத்து இறுகச் செய்தால் உடைத்து எடுக்கலாம். பலாப்பழம் அரியுமுன் கையில் எண்ணெய் பூசிக்கொள்வது நம் பெண்கள் அறிந்ததே. அதே முறையில், விரிப்பில் ஒட்டிய பலாப்பாலைச் சிறிது தேங்காயெண்ணெயால் இளக்கி வழித்து எடுத்து, பின் அந்த எண்ணெயை மேற்கூறிய முறையில் போக்க வேண்டும்.

மை, மருதாணி: மதரஸாவின் விரிப்புகளில் பிள்ளைகளின் பால்பாயிண்ட் பேனா வரையாத நாளில்லை. இதற்கு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி, துணியை அடிக்கடி மாற்றுங்கள். நீரில் கரையும் பேனா மையாயின் முதலில் வெறும் நீரே போதும். மருதாணியின் கதை வேறு. அதன் நிறம் புரதத்தோடு பிணைவது. கையும் தலைமுடியும் சிவப்பது அதனால்தான். பருத்தி ஜமக்காளத்தில் உடனே கழுவினால் பெரும்பகுதி நீங்கும். கம்பளியிலோ அது கறையாக இராமல் சாயமாகவே ஏறிவிடும். எனவே பெருநாள் இரவில் மருதாணி இடுமுன் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாய் விரிப்பதே அறிவுடைமை.

நோன்புக் கஞ்சி போன்றவற்றில் அரிசியும் இறைச்சியும் எண்ணெயும் மஞ்சளும் ஒருங்கே கலந்திருக்கும். அங்கே வரிசை முக்கியம். முதலில் வழித்தெடுத்துக் குளிர்நீர். அடுத்து எண்ணெய்க்குப் பாத்திரத் திரவம். இறுதியில் மஞ்சளுக்கு ஸ்பிரிட்டும் வெயிலும். தலைகீழாகச் செய்தால் இறைச்சிச் சாறு இறுகி, மற்றவையும் அதனோடு தங்கிவிடும்.

எம்மருந்தைப் பயன்படுத்தினாலும் இறுதியில் வெறும் நீரால் இரண்டு மூன்று முறை ஒற்றி அதை முற்றிலும் எடுத்துவிடுங்கள். இழையில் தங்கிய சோப்புப் பிசுக்கு, வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்து, ஒரு மாதத்தில் அதே இடத்தைக் கறுக்கச் செய்யும்.

உயிருக்கு உலை வைக்கும் கலவைகள்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் இழப்பது ஒரு விரிப்பு. இனிச் சொல்வதில் தவறினால் இழப்பு பெரிது.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ, கழிவறை கழுவும் ஆசிட்டுடனும் வினிகருடனும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே போர்வீரர்களின்மீது நச்சுப்புகையாக ஏவப்பட்டது இதே வாயுதான். கதவடைத்த சிறு அறையில், குனிந்து விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் நுரையீரலுக்கு அதில் சிறிதளவே போதும். பிளீச்சுடன் அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுவே உண்டாகும். நாட்பட்ட சிறுநீரிலும் அமோனியா இருப்பதால், குழந்தை நனைத்த இடத்தில் பிளீச் ஊற்றுவதும் தகாது. ஒன்றைவிட இரண்டு சேர்ந்தால் வலிமை மிகும் என்ற எண்ணம் சமையலுக்குப் பொருந்தலாம்; இதற்குப் பொருந்தாது. கண்ணெரிச்சலும் இருமலும் தோன்றினால் உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. பிளீச் கம்பளி இழையையே கரைத்துவிடும் என்பதும், ஜமக்காளத்தின் சாயத்தை உறிஞ்சி வெள்ளைத் திட்டாக்கிவிடும் என்பதும் அதை விலக்குவதற்கு மேலும் இரு காரணங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் எண்ணெய்க் கறையை எடுப்போர் உளர். இவற்றின் ஆவி, குறிப்பாகப் பெட்ரோல், தின்னரின் ஆவி, தரையோடு பரவி அடுத்த அறையின் அடுப்புவரை செல்லும். கம்பளத்துக்காக வீட்டைக் கொளுத்திக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிட்டைக்கூட அடுப்பு அணைந்திருக்கும்போது, சன்னல் திறந்து, துணியில் சிறிதளவே தொட்டுப் பயன்படுத்த வேண்டும்.

மேலும் ஒன்று. ஆசிட்டையும் ஸ்பிரிட்டையும் குடிநீர்ப் புட்டிகளிலும் குளிர்பானப் புட்டிகளிலும் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது எதுவென்று எப்படித் தெரியும்? வாங்கிய கலத்திலேயே, பெயரோடு, எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

உலர்த்துவதும் ஒரு வைத்தியமே

கறை நீங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு ஜமக்காளம் அரைநாளில் உலர்ந்துவிடும். மலையூர்களில் அப்படியன்று. நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலை, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. படகுத்துறை கொண்ட வாசலூர்பட்டி போன்ற ஊர்களில், மழைமாதங்களில் மூடுபனி கவிந்து, காற்றே ஈரமாக இருக்கும். காப்பியும் மிளகும் வாழையும் பலாவும் விளையும் அம்மலையில் காப்பிக் கறையும் வாழைக்கறையும் பலாப்பாலும் அன்றாடம் கைவருபவை. செம்மண் சேறோ காலோடு வீட்டுக்குள் வருவது. கறைக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்கோ பஞ்சம் என்ற நிலை.

அத்தகைய இடங்களில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, சேற்றை ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. மற்றக் கறைகளுக்கெல்லாம் விரைவு. சேற்றுக்கு மட்டும் பொறுமை. முழுதும் உலர விட்டு, தட்டி, மென்மையான துடைப்பத்தால் பெருக்கினால் பெரும்பகுதி தூளாக வந்துவிடும். எஞ்சியதைப் பாத்திரத் திரவம் கலந்த நீரால் ஒற்றினால் போதும். இரண்டாவது, நீரைக் குறையுங்கள். மழைமாதத்தில் முழு விரிப்பையும் துவைக்காமல், கறைபட்ட இடத்தை மட்டும் ஒற்றி எடுத்து, மடித்த உலர்துணியை அதன்மேல் வைத்து, கனமான பாத்திரத்தை ஓரிரவு ஏற்றி வைத்தால் எஞ்சிய ஈரம் துணிக்கு ஏறிவிடும். பின் தரையிலிருந்து உயர்த்தி, இரு நாற்காலிகளின்மீது விரித்து, மின்விசிறியின் காற்றை அடிப்புறத்தில் படச் செய்யுங்கள். நாள்கணக்கில் ஈரமாகவே சுருண்டு கிடக்கும் விரிப்பில் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கரும்புள்ளிகள் பெரும்பாலும் நீங்குவதில்லை. அதன் தூள் ஆஸ்துமா உள்ளோருக்குத் துன்பமும் தரும்.

வெயில் கிடைத்தாலும் அளவோடு காட்டுக. மஞ்சளை வெளிறச் செய்யும் அதே ஒளி விரிப்பின் சாயத்தையும் வெளிறச் செய்யும். பாரசீகத்தின் அர்தபீல் நகரத் தர்காவைச் சேர்ந்த, ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என ஆண்டு நெய்யப்பட்ட புகழ்மிக்க கம்பளம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் வண்ணங்களைக் காக்கும்பொருட்டு அங்கே எப்போதும் மங்கிய ஒளியே வைத்து, அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்கேற்றிக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தனர். நம் வீட்டுக் கம்பளத்துக்கு அவ்வளவு காவல் தேவையில்லை. எனினும், கறையுள்ள இடத்தை மட்டும் வெயிலில் விட்டு மற்றதைத் துணியால் மூடுவதும், உலர்ந்த விரிப்பை அடிப்புறம் மேலாகத் திருப்பிப் போடுவதும் எளிய பாதுகாப்புகளே.

கறை வேறு, அசுத்தம் வேறு

நம் வீடுகளில் விரிப்பு அமர்வதற்கு மட்டுமன்று, தொழுவதற்கும் அதுவே. ஆதலால் கறையைக் கண்டதும் இவ்விடத்தில் தொழலாமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. தேநீரும் மஞ்சளும் மையும் மருதாணியும் பார்வைக்குக் கறையே தவிர, மார்க்கச் சட்டத்தில் அசுத்தம் அல்ல. அக்கறை உள்ள முஸல்லாவில் தொழுவதற்குத் தடை ஏதுமில்லை. சிறுநீர், ஓடும் இரத்தம் போன்றவையே நஜீஸ். அவற்றை அகற்றி முறைப்படி நீரால் கழுவியபின், போக்கவியலாத நிறம் மட்டும் எஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். கழுவும் முறையின் நுட்பங்களில் வேறுபாடு இருப்பதால், பெரிய கம்பளத்தைக் கழுவ நேர்ந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முஸல்லாவில் ஸ்பிரிட் பயன்படுத்தியிருந்தால் பின்னர் நீரால் நன்கு அலசிவிடுவது பேணுதலானது.

இதனால் என்ன பயன் என்றால், நிறம் போகவில்லையே என்று அஞ்சி ஆசிட்டையும் பிளீச்சையும் நாடவேண்டிய தேவையே இல்லை என்பதுதான். தூய்மைக்கு நீர் போதும். எஞ்சிய நிறம் கண்ணுக்குரியது. அதற்காக நுரையீரலைப் பணயம் வைக்க மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும், தோழர்கள் அவரைத் தடுக்க விரைந்ததும், நபியவர்கள் அவர்களை நிறுத்தி, அவர் முடிக்கும்வரை விடச் செய்து, பின் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றப் பணித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் பதிவான நிகழ்ச்சி. ஊற்றிய நீர் ஒரு வாளி. அந்த மனிதருக்குக் கிடைத்ததோ கனிவான ஓர் அறிவுரை. இடத்தைத் தூய்மை செய்யவும் வேண்டும். அதற்காக மனிதரைப் புண்படுத்தவும் கூடாது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் ஏது?

முதுமையினால் அடக்கவியலாமல் விரிப்பை நனைத்துவிட்டு முகம் குன்றி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கஞ்சியைக் கவிழ்த்துவிட்டு அடிக்கு அஞ்சிக் கதவுக்குப் பின்னால் ஒளியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். சிறுநீர்க் கறைக்குச் செய்ய வேண்டியது எளியது. உடனே ஒற்றி, குளிர்நீரால் பலமுறை ஒற்றி, வினிகர் கலந்த நீரால் நாற்றம் போக்கி, மீண்டும் நீரால் அலசினால் தீர்ந்தது. பெரியவர் படுக்கும் இடத்தில் கம்பளத்தை எடுத்துவிட்டு, துவைக்க எளிய பருத்தி ஜமக்காளத்தை, அடியில் ரப்பர் துணியோடு விரித்துவிட்டால் நமக்கும் சிரமம் குறையும். அவருக்கும் கூச்சம் குறையும். அடிக்கு அஞ்சாத பிள்ளை சிந்தியதை உடனே வந்து சொல்லும். மறைத்துவைத்த கறைதான் மறுநாள் பிடிவாதக் கறையாகிறது. ஆகவே கனிவு கறைக்கும் நல்ல மருந்தே.

ஒரு சிறு கூடையில் நான்கைந்து பழைய வெள்ளைத் துணிகள், கரண்டி ஒன்று, வினிகர், பாத்திரத் திரவம், முகப்பவுடர் ஆகியவற்றை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். வரும் பெருநாளில் குழம்பு கவிழ்ந்தால், யார் கவிழ்த்தது என்று கேட்குமுன் அந்தத் துணியை எடுங்கள்.